என் அம்மாவின் கையை யாரோ தன் அம்மாவின் கை என்கிறார்: எழுத்தையும் பெயரையும் எப்படி மீட்பது?

கேள்வி | எழுதியவர்: சிப்புட்காரி

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், கோயில் மலர், பள்ளி மலர் தயாரித்தவர்கள், இணையத்தில் தொடர்ந்து எழுதுகிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு வழி சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் உங்களுக்கும் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

எனக்கு மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். ரப்பர்ப் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு எங்கள் லயத்துச் சனங்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். நாங்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். பகலில் ஒரு கடையில் கணக்கெழுதும் கிராணி வேலை. வீட்டு வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்தால் தோட்டத்துக் கதைகளை வலைப்பதிவில் எழுதுவேன். காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களம், பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகை, காண்டாக்கம்பில் பால்வாளி சுமந்து போவது, சம்பள நாள் சந்தை, மாரியம்மன் திருவிழா என்று நான் பார்த்ததும், பார்த்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டதுமாக நிறைய எழுதியிருக்கிறேன்.

அதில் ஒரு கட்டுரை பால்வெட்டைப் பற்றியது. அம்மா பழைய உளியை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் செய்து காட்டினார். முதலில் வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் உளி. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஒரு மயிரிழை கூடிப்போனால் கட்டையில் பட்டு மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சும் விழும். இத்தனையையும் இருட்டில் நெற்றி விளக்கை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும், ஏனென்றால் வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். "கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி கை பாத்துடும்" என்றார் அம்மா. அதையே கட்டுரையின் முதல் வரியாக வைத்தேன். கூடவே ஒரு படம்: உளி பிடித்த அம்மாவின் வலது கை, மணிக்கட்டில் கோயில் கயிறு, கட்டைவிரல் நகத்தில் வேலையை விட்டு இத்தனை காலமாகியும் போகாத கறுப்பு. படத்தின் கீழோரத்தில் என் பெயரைச் சின்னதாகப் போட்டிருந்தேன்.

தமிழர் வரலாறு என்று எழுதும் ஒரு பெரிய முகநூல் பக்கம் அந்தக் கட்டுரையை முழுசாக எடுத்துப் போட்டிருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை, சொல்வது என் நோக்கமும் இல்லை. படத்தில் கீழோரத்தை வெட்டிவிட்டு மேல் மூலையில் தங்கள் சின்னத்தைப் பதித்திருக்கிறார்கள். கட்டுரையில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. "என் அம்மா" என்று நான் எழுதியது "என் அம்மா" என்றே இருக்கிறது. கீழே ஆயிரக்கணக்கில் பின்னூட்டம். "உங்கள் அம்மாவின் கையைத் தொட்டுக் கும்பிடுகிறேன் அண்ணா" என்று யாரோ அந்தப் பக்கத்துக்காரருக்கு எழுதியிருக்கிறார். அவரும் நன்றி சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

நான் பின்னூட்டத்தில் மரியாதையாகத்தான் எழுதினேன். இது என் கட்டுரை, படத்தில் இருப்பது என் தாயார், பெயரும் சுட்டியும் சேர்த்தால் போதும் என்று. பின்னூட்டத்தை அழித்துவிட்டு என்னைத் தடுத்துவிட்டார்கள். பிறகு தோழி தன் கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள், கடைசியில் "நன்றி: இணையம்" என்று சேர்த்திருக்கிறார்களாம்.

இதோடு போயிருந்தால் மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன். வேறு ஊர்க் கோயில் ஒன்றின் திருவிழா மலரைச் சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இன்னொரு கட்டுரை, தலைப்பை மட்டும் மாற்றி, "தொகுப்பு: மலர்க்குழு" என்று. அது எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி ஒருவர் பாடிய தாலாட்டைப் பற்றியது. பாட்டியின் குரலையும் நான்தான் பதிவுசெய்து வைத்திருந்தேன். பேசி முடித்த அன்று பாட்டி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "என் பேரும் எங்க தோட்டத்துப் பேரும் போடும்மா." அவருக்குப் படிக்கத் தெரியாது. கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்து, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மலரில் அந்தப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரும் இல்லை. "தோட்டப்புறத்து மூதாட்டி ஒருவர்" என்று இருக்கிறது.

என் பெயர் போனதைவிட அந்தப் பெயர் போனதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நம் சனங்கள் தோட்டத்தில் வாழ்ந்த காலம் முழுக்கச் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் ஒரு எண்ணாக இருந்தவர்கள். கதையைச் சொல்லும் இடத்திலாவது ஆளாக இருக்க வேண்டாமா?

பணம் எனக்கு வேண்டாம். கட்டுரை பரவக்கூடாது என்றும் சொல்லவில்லை. யார் சொன்னது, யார் எழுதியது, எந்த ஊர் என்பது கூடவே போக வேண்டும். நான் பதிப்புரிமை எதையும் பதிவுசெய்து வைக்கவில்லையே, சட்டப்படி எனக்கு ஏதாவது பிடி இருக்கிறதா? முகநூலில் புகார் செய்தால் என்ன நடக்கும்? அச்சில் வந்துவிட்டதை என்ன செய்ய முடியும்? பாட்டியின் பாட்டுக்கு நான் உரிமை கேட்பது சரியா, அது அவருடையது இல்லையா?

பதில் 1 | எழுதியவர்: ஈப்போ சட்ட அலுவலகம்

சகோதரி, நான் வழக்கறிஞர் இல்லை. ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலமாகக் கோப்புகளைப் பார்க்கிறவள். இந்த மாதிரி விஷயங்கள் கையில் வந்திருக்கின்றன.

முதலில் ஒரு ஆறுதல். பதிவு செய்யாததால் உங்கள் உரிமை போகவில்லை. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்த உழைப்பில் உருவான எழுத்து எழுதிப் பதிவான அந்த நிமிடமே பதிப்புரிமை வந்துவிடும். உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 50 ஆண்டுகள். விண்ணப்பம், முத்திரை எதுவும் தேவையில்லை. விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில், அதாவது மைஐபிஓவில், தன்விருப்ப அறிவிப்புச் செய்யலாம். 2012இல் வந்த ஏற்பாடு அது. அந்தப் பதிவேட்டில் இருப்பது நாளைக்கு வழக்கு என்று வந்தால் உரிமை உங்களுடையது என்பதற்கு முதல் சான்றாக நிற்கும். இன்னொரு வழியும் இருக்கிறது. பெசுருஜாயா சும்பா, அதாவது சத்தியப் பிரமாண ஆணையர், என்று பலகை தொங்கும் அலுவலகத்துக்குப் போய், இந்தத் தேதியில் இந்தக் கட்டுரை என்னால் எழுதப்பட்டது, அசலின் நகல் இதோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று சத்தியப் பிரமாணம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 42ஆம் பிரிவு அதையும் சான்றாக ஏற்கிறது. உங்கள் நிலைமைக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்பது பணமல்ல, பெயர். அதற்கும் சட்டத்தில் தனியாக இடம் உண்டு, 25ஆம் பிரிவு. ஆசிரியரின் பெயரைச் சொல்லாமலோ வேறொருவர் பெயரிலோ படைப்பை வெளியிடக்கூடாது. ஆசிரியரின் மதிப்பைக் கெடுக்கும்படி சிதைக்கவும் கூடாது. "நன்றி: இணையம்" என்று போட்டுவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். விமர்சனம், ஆய்வு, செய்தி என்று நியாயமாக எடுத்தாள்வதற்குச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் படைப்பின் தலைப்பையும் ஆசிரியரையும் சொல்ல வேண்டும். இணையம் என்று ஒரு ஆசிரியர் கிடையாது. தவிரவும், முழுக் கட்டுரையை அப்படியே தூக்கிப் போடுவது எடுத்தாள்வதில் சேராது.

எது உங்களுடையது, எது பொது என்பதிலும் தெளிவாக இருங்கள். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் வந்ததும் வரலாறு. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலை எதிர்த்து அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அப்படித்தான். இவற்றை நீங்கள் எழுதினீர்கள் என்பதற்காக இன்னொருவர் எழுதக்கூடாது என்று சொல்ல முடியாது. பால் எப்படி வெட்டுவது என்ற செய்முறைக்கும் உரிமை கிடையாது. அதை நீங்கள் சொன்ன விதம், வாக்கியங்கள், படம், இவைதான் உங்கள் சொத்து. புகார் எழுதும்போது "என் தகவலைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதாதீர்கள். "என் கட்டுரையின் இந்தப் பத்திகளும் இந்தப் படமும் அப்படியே நகலெடுக்கப்பட்டுள்ளன" என்று எழுதுங்கள்.

முகநூலுக்கு வருவோம். அங்கே பதிப்புரிமைப் புகாருக்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. டிஎம்சிஏ என்ற அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு மின்னியல் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டியது. மலேசியாவும் அமெரிக்காவும் பதிப்புரிமைக்கான பெர்ன் பன்னாட்டு உடன்பாட்டில் இருப்பதால் இங்கே எழுதியதற்கு அங்கேயும் பாதுகாப்பு உண்டு. உங்கள் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குப் போகும், ஆகவே அதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மறுப்புக் கொடுத்தால் பந்து உங்கள் பக்கம் வந்துவிடும். குறிப்பிட்ட நாளுக்குள் நீங்கள் வழக்குப் போடாவிட்டால் பதிவு திரும்ப ஏறலாம். பொய்ப் புகார் கொடுத்தால் கொடுத்தவருக்குத்தான் சிக்கல். உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம், அசல் கையில் இருக்கிறது.

அந்தக் கோயில் மலரைத் தங்கள் இணையத்தளத்தில் பிடிஎஃப் ஆகவும் ஏற்றியிருந்தால் நம் சட்டத்தின் 43எச் பிரிவு உதவும். அந்தத் தளத்துக்கு இடம் கொடுக்கும் சேவை நிறுவனத்துக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் அதை நீக்க வேண்டும்.

நீதிமன்றம் போகலாமா என்று கேட்டால், ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி (ரிங்கிட்) வரை சட்டப்படி இழப்பீடு விதிக்க 37ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் வழக்கறிஞர் கட்டணம், அலைச்சல், வேலைக்கு விடுப்பு எல்லாம் கூட்டிப் பாருங்கள். பெயர் போடவைக்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

எதைச் செய்வதற்கும் முன்னால் சான்று சேருங்கள். முகவரியும் தேதியும் தெரியும்படி முழுத்திரைப் படம், பின்னூட்டங்களோடு. அவர்கள் நன்றி சொன்ன அந்தப் பின்னூட்டம் முக்கியம். உங்கள் அசல் பக்கத்தை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்து வையுங்கள். நீங்கள் கடிதம் போட்ட மறுநிமிடம் அவர்கள் மாற்றிவிடுவார்கள், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

பதில் 2 | எழுதியவர்: பகிர்வோம்

இதுக்கு ஏன் சட்டம், வழக்கு? நல்ல கட்டுரை நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்ததே, சந்தோஷப்படுங்க. உங்க வலைப்பதிவில் இருந்திருந்தா நூறு பேர் படிச்சிருப்பாங்க. தமிழ் வளரணும்னா பகிரத்தான் வேணும். நானும் தினமும் புலனத்தில் (வாட்ஸ்அப்) நல்ல விஷயமா வந்தா பத்துக் குழுவுக்கு அனுப்புறேன்.

பதில் 3 | எழுதியவர்: சிப்புட்காரி

பகிர்வோம் அவர்களே, நீங்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறீர்கள் என்று நம்புகிறேன். பகிருங்கள். பெயரோடு பகிருங்கள். ஒரு வரி கூடுதலாக இருப்பதால் எந்தத் தமிழும் வளராமல் நின்றுவிடாது. பெயர் இல்லாமல் போவதில் எனக்கு மட்டும் நட்டம் என்று எண்ணாதீர்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் தன் பாட்டியும் அதே தோட்டத்தில் வேலை செய்ததாகவும், மேலும் விவரம் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தாள். பக்கத்துக்காரருக்கு என்ன தெரியும்? பதில் சொல்லவில்லை. என் பெயர் அங்கே இருந்திருந்தால் அவள் என்னிடம் வந்திருப்பாள். என்னிடம் அந்தத் தோட்டத்துப் பழைய படங்கள் இருக்கின்றன, அவள் பாட்டியை அறிந்தவர்கள் இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறார்கள். நூறு பேர் படித்தாலும் அந்த நூறில் ஒருவர் சொந்தத்தைக் கண்டுபிடித்தால் அதுதான் எனக்குப் பெரிது.

பதில் 4 | எழுதியவர்: கெடா ஓய்வாசிரியர்

அம்மா, நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கோலக்கெட்டில் பக்கம். பல மலர்க்குழுக்களில் இருந்திருக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு எப்படிப் பேசுவது என்று பிடிபடும்.

திருவிழாவுக்கு நாள் நெருங்கியிருக்கும். விளம்பரப் பக்கங்கள் வந்து சேர்ந்திருக்கும், வாழ்த்துரைகள் வந்திருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. ஒப்புக்கொண்டவர் கைவிட்டிருப்பார். அச்சகக்காரர் கோப்பைக் கேட்டு விடாமல் அழைப்பார். குழுவில் ஒரு இளைஞர் தன் புலனத்தில் வந்த நல்ல கட்டுரை ஒன்றைக் காட்டுவார். அதில் பெயர் இருக்காது, ஏனென்றால் அவருக்கு வருவதற்கு முன்பே யாரோ கழற்றிவிட்டிருப்பார்கள். "தொகுப்பு" என்று போட்டுவிடுவார்கள். இதை நியாயம் என்று சொல்லவில்லை, தவறுதான். தேடிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் பெரும்பாலும் உங்களுக்குத் தீங்கு நினைத்தவர்கள் இல்லை. ஆகவே முதல் கடிதத்திலேயே சட்டப் பிரிவைக் காட்டாதீர்கள். கோயில் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள். மலரின் அந்தப் பக்கத்தையும் உங்கள் அசலையும் இணையுங்கள். தேதி இரண்டிலும் தெரிய வேண்டும். முக்கியமாக, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் வருத்தம் மட்டும்தான் கிடைக்கும். மீதமிருக்கும் பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும், கோயில் அறிவிப்புப் பலகையிலும் முகநூலிலும் திருத்தம் போட வேண்டும், அடுத்த மலரில் ஆசிரியர் பெயரும் பாடியவர் பெயரும் வர வேண்டும். சீட்டில் இருக்க வேண்டிய வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். கோயில்களில் மலர் பிரதிகள் மீந்து கட்டுக்கட்டாக அறையில் கிடக்கும், சீட்டு ஒட்டுவது நடக்காத காரியமே அல்ல. நாங்கள் ஒருமுறை செய்திருக்கிறோம், பள்ளி மாணவர்கள் உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று. பெயரைக் கட்டுரைக்கு வெளியே, மேலேயோ கீழேயோ வைத்தால் வெட்டுவது சுலபம். உள்ளே வையுங்கள். திருஞானசம்பந்தர் என்ன செய்தார்? பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரையும் காழி என்ற தம் ஊரையும் சேர்த்தே பாடிவிட்டார். திருக்கடைக்காப்பு என்று அதற்கே ஒரு பெயர் இருக்கிறது. ஓதுகிறவர் அந்தப் பெயரை விட்டுவிட்டு ஓத நினைத்தால் பாட்டே முறிந்துபோகும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் யார் பாடியது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நீங்களும் "சுங்கை சிப்புட்டில் இன்ன தோட்டத்தில் பிறந்த இன்னார் ஆகிய எனக்கு என் அம்மா சொன்னது" என்று கட்டுரையின் நடுவில், கதை ஓட்டத்திலேயே எழுதிவிடுங்கள். பாட்டியின் பெயரையும் ஒரே இடத்தில் சொல்லி நிறுத்தாமல், அவர் பேச்சு வரும் பத்திகளிலெல்லாம் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

முடிந்தால் இவற்றையெல்லாம் ஒரு சிறு நூலாக்குங்கள். நூலுக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகமே தருகிறது. நூல் வந்ததும் சட்டப்படி அங்கே பிரதி வைக்க வேண்டும். உங்கள் அம்மாவின் பெயரும் அந்தப் பாட்டியின் பெயரும் கோலாலம்பூர் தேசிய நூலகத்தில் இருக்கும்.

பதில் 5 | எழுதியவர்: பினாங்குத் தம்பி

அக்கா, தொழில்நுட்பப் பக்கம் மட்டும் சொல்றேன்.

வலது சொடுக்கைத் தடுக்கிற நிரல் போடச் சொல்வாங்க, வேண்டாம். எடுக்கிறவனுக்கு அது தடையே இல்ல, கைப்பேசியில் திரையைப் படம் பிடிச்சு எழுத்தை உருவிடலாம். படிக்க வர்ற பெரியவங்களுக்குத்தான் தொல்லை.

உங்க வலைப்பதிவு பிளாகர்ல இருந்தா அமைப்புகள்ல ஓடை (ஃபீட்) என்று ஒரு பகுதி இருக்கும், பதிவுகளை வெளியே அனுப்புறது அதுதான். முழுப் பதிவும் ஓடையில் போகிற மாதிரி வெச்சிருந்தா தானியங்கித் தளங்கள் அப்படியே உறிஞ்சிக்கும். சுருக்கம் மட்டும் போகிற மாதிரி மாத்துங்க. இல்ல, முழுசா போகட்டும்னு நினைச்சா ஓடை அடிக்குறிப்புல உங்க பெயரும் வலைப்பதிவு முகவரியும் வரும்படி எழுதி வைங்க, உறிஞ்சினாலும் அதுவும் சேர்ந்து போகும். ஒவ்வொரு கட்டுரைக்குள்ளயும் உங்க மத்த கட்டுரைகளுக்குச் சுட்டி கொடுங்க, அதே காரணம்தான்.

படத்துல பெயரைக் கீழோரத்துல போடாதீங்க அக்கா, அதைத்தான் முதல்ல வெட்டுவாங்க. மணிக்கட்டுக்கும் உளிக்கும் நடுவுல, மங்கலா, படத்தைக் கெடுக்காம போடலாம். வெட்டினா கை போயிடும். கேமராவில் எடுத்த அசல் கோப்பைப் பத்திரமா வெச்சுக்கோங்க. தேதி எல்லாம் அதுக்குள்ள இருக்கு. புலனத்துல படமா அனுப்பினா அந்த விவரம் கழன்றுடும், அதனால அசலை வேற இடத்துலயும் ஒரு நகல் வைங்க. வெட்டின படம் அவங்க கையில, வெட்டாத படம் உங்க கையில, இதைவிடப் பெரிய சான்று என்ன வேணும்?

வேற யாரெல்லாம் எடுத்திருக்காங்கன்னு பார்க்க, உங்க அம்மா சொன்ன அந்த முதல் வரியை இரட்டை மேற்கோளுக்குள்ள போட்டு கூகுள்ல தேடுங்க. அந்த மாதிரி வரி வேற யாருக்கும் வராது. படத்தை வெச்சுத் தேடுற கூகுள் லென்ஸ்லயும் டின்ஐயிலயும் அந்தப் படத்தைப் போட்டுப் பாருங்க. நகல் தளம் கூகுள் தேடல்ல உங்களுக்கு மேல வந்தா, தேடல் முடிவிலிருந்து நீக்க கூகுளுக்கே தனிப் படிவம் இருக்கு.

ஒண்ணு யோசிங்க. புகார் கொடுத்து அந்த முகநூல் பதிவை நீக்கினா, அதைப் பகிர்ந்த எல்லாருடைய பக்கத்துலயும் அது போயிடும். அதையே அவங்க திருத்தி உங்க பெயரைச் சேர்த்தா, பகிர்ந்த எல்லா இடத்துலயும் திருத்தம் தெரியும். உங்களுக்கு வேண்டியது ரெண்டாவதுதானே. உங்களைத் தடுத்துட்டாங்கன்னா வேற ஆள் மூலமா, நாளைக் குறிச்சு, "திருத்துங்க, இல்லன்னா படிவம் போகும்"னு செய்தி அனுப்புங்க. நான் வேணும்னா அனுப்புறேன் அக்கா.

பதில் 6 | எழுதியவர்: ஈப்போ சட்ட அலுவலகம்

பாட்டியின் பாட்டைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். தாலாட்டு வரிகள் தலைமுறை தலைமுறையாக வந்தவை, அதை யாரும் தனக்கென்று வேலி போட முடியாது. ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தது நீங்கள், அந்தப் பதிவின் உரிமை உங்களுக்கு. ஆனால் பாடியவர் என்ற முறையில் பாட்டிக்கும் நம் சட்டத்தில் தனி உரிமை உண்டு, நிகழ்த்துநர் உரிமை என்று. தான் பாடியதைத் தன் பெயரோடு அடையாளம் காட்டும்படி கேட்கும் உரிமையும் அதில் சேரும். ஆகவே நீங்கள் கேட்பது பேராசை இல்லை, பாட்டிக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்கிறீர்கள். பாட்டியிடமும் ஒரு ஒப்புதல் வாங்கி வையுங்கள். தாளில் கைநாட்டு இருக்கட்டும், கூடவே நீங்கள் படித்துக் காட்ட அவர் சரி என்று சொல்வதை ஒலியாகவும் பதிந்துகொள்ளுங்கள். அவர் காலத்துக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் கேட்டால் காட்ட இருக்கும்.

பதில் 7 | எழுதியவர்: சிப்புட்காரி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், என்னைப்போல வேறு யாராவது தேடி வந்தால் பயன்படட்டும்.

சான்றுகளைச் சேர்த்துச் சத்தியப் பிரமாணம் செய்து வைத்துவிட்டேன். பினாங்குத் தம்பி அனுப்பிய செய்திக்கு முகநூல் பக்கத்திலிருந்து முதலில் பதில் இல்லை. கெடு முடிந்ததும் படிவத்தை அனுப்பினேன். பதிவு முடக்கப்பட்ட பிறகுதான் அவர்களே பேச வந்தார்கள். கட்டுரையை மறுபடி போட அனுமதி கேட்டார்கள். கொடுத்தேன், நான் எழுதிக் கொடுத்த முன்குறிப்போடும் வெட்டாத படத்தோடும். முன்குறிப்பில் அம்மாவின் பெயர்தான் முதலில் வருகிறது. பழைய பின்னூட்டங்கள் போய்விட்டன, அதில் எனக்கு வருத்தம்தான். தன் பாட்டியைப் பற்றி அங்கே கேட்டிருந்த பெண்ணின் பெயர் மட்டும் நான் எடுத்து வைத்த முழுத்திரைப் படத்தில் இருந்ததால் அவளைக் கண்டுபிடித்துவிட்டேன். தைப்பூச விடுமுறையில் வருகிறாள்.

கோயிலுக்கு ஆசிரியர் ஐயா சொன்ன மாதிரியே எழுதினேன். செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். வயதானவர், உண்மையிலேயே வருந்தினார். திருத்தச் சீட்டு அச்சாகி வந்துவிட்டது, பாட்டியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் நான் கொடுத்த எழுத்துக்கூட்டலிலேயே இருக்கின்றன. ஒட்டுவதற்கு நானும் போகிறேன். ஐயா, நூல் யோசனையை அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எந்தப் படத்தை அட்டையில் போடுவது என்பதில் இப்போதே எங்களுக்குள் விவாதம்.

தீராதது ஒன்று உண்டு. பாட்டியின் தாலாட்டு ஒலித்துண்டு பெயர் இல்லாமல் புலனத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு சேவல் கூவும், பிறகு பாட்டி தொண்டையைக் கனைத்துவிட்டுப் பாடத் தொடங்குவார். அதை எந்தக் குழுவிலாவது கேட்டால் தயவுசெய்து எனக்குத் தனிமடல் அனுப்புங்கள். பாட்டியின் பெயர், தோட்டத்தின் பெயர் இரண்டையும் எழுதித் தருகிறேன், அதே குழுவில் அந்த ஒலித்துண்டுக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். பகிர்வோம் அவர்களே, உங்களுக்குப் பத்துக் குழு இருப்பதாகச் சொன்னீர்கள். முதலில் உங்களைத்தான் கேட்கிறேன்.